பலகையில் ஒரு பெயர், பட்டியலில் வேறு பெயர்

சென்ற மாதம் என் பென்ஷன் கணக்கின் வரவு செலவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நின்றது. ஏதோ ஒரு 'ஹாஸ்பிடாலிட்டி பிரைவேட் லிமிடெட்', ஊர் குருகிராம், தொகை 1,840 ரூபாய். நானோ மூன்று மாதமாக நாக்பூரை விட்டு எங்கும் போகவில்லை.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டைக் கொடுத்து மருந்து வாங்கி வரச் சொல்லியிருந்தேன். கார்டைப் பிறரிடம் கொடுத்தது என் தவறு. ஆனால் மனம் அதை நினைக்கவில்லை, அவனைத்தான் நினைத்தது. ஐயாயிரம் ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலே கார்டைத் தட்டிப் பணம் கட்டலாமே என்று கணக்குப் போட்டது. அவன் அப்பாவிடம் பேச, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டேன்.

"ஏங்க, ஊரிலேர்ந்து வந்த அக்கா குடும்பத்தோட சனிக்கிழமை சீதாபர்டியில சாப்பிட்டோமே, அது எவ்வளவு?" என்று கேட்டாள் மனைவி. அவள் கைப்பையிலேயே பில் இருந்தது. 1,840 ரூபாய். மேலே நாம் அறிந்த ஓட்டல் பெயர். அடியில் பொடி எழுத்தில் அந்தக் கம்பெனிப் பெயர்.

காரணம் எளியது. ஓட்டலுக்குப் பலகையில் ஒரு பெயர், அதை நடத்தும் கம்பெனிக்குச் சட்டப்படி வேறு பெயர். கார்டு மெஷின் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அதுவே பட்டியலில் விழுகிறது. தலைமை அலுவலகத்தின் ஊரும் கூடவே வந்துவிடலாம். கிரெடிட் கார்டு என்றால் தேதியும் ஓரிரு நாள் தள்ளி விழலாம்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். சென்னை சென்ட்ரலுக்கு இன்றும் எம்.ஏ.எஸ். என்றுதான் குறியீடு; விஜயவாடாவுக்கு பி.இஸட்.ஏ. ஊரின் பெயர் மாறியும் குறியீடு மாறவில்லை. இருந்தும் யாரும் குழம்புவதில்லை. எது எந்த நிலையம் என்ற பட்டியல் எல்லோருக்கும் கிடைக்கிறது. வங்கிகளும் கம்பெனிப் பெயருடன் பலகைப் பெயரையும், சாப்பிட்ட கிளையின் ஊரையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு வரியில் இரண்டு சொல் கூடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது: பில்லை ஒரு மாதமாவது வைத்திருங்கள். எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. அதிலுள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் சட்டப் பெயர், வணிகப் பெயர் இரண்டும் தெரியும். வீட்டில் எல்லோரையும் ஒருமுறை கேளுங்கள்.

அதற்காக நாட்களைக் கடத்தவும் கூடாது. வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத மோசடியாக இருந்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. ஆகவே அன்றே தேடுங்கள். விளங்கவில்லை என்றால் கார்டை நிறுத்தி வங்கிக்குச் சொல்லுங்கள். மோசடி என்று தெரிந்தால் 1930க்கும் போன் செய்யுங்கள்.

மறுநாள் காலை அந்தப் பையன் வாசலில் நின்று, "காகா, மருந்து ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 1,840 ரூபாய் போயிருந்தால் சம்பாதித்துக்கொள்ளலாம். அவன் அப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் திரும்ப வாங்கியிருக்க முடியுமா?