பிரேக்கும் ஓர் அமானிதம்தான்



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். அந்த இடைவெளியில் பழைய டொயோட்டா டிஎக்ஸ் வேகன்களை வீட்டு வாசலிலேயே பழுதுபார்க்கப் பழகிக்கொண்டோம். நல்ல விடயம். முன் சில்லு பிரேக் பேட் மாற்றுவதும் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் "ஒரு பக்கம்தானே தேஞ்சிருக்கு, அத மட்டும் மாத்துவோம்" என்ற போக்கை நாம் விட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால், பிரேக் பிடிக்கையில் வாகனம் ஒரு பக்கம் இழுக்கலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுவோம். ஜெக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைப்போம். கேலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுவோம். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஒயில் மேலே ஏறி வழியலாம்; பட்ட இடத்தில் பெயின்ட் போய்விடும். பழைய பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைப்போம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வோம்.

முக்கியமானது கடைசியில்தான். வாகனத்தை எடுக்க முன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

டிஸ்க்கில் ஆழமான கோடு, ஒயில் கசிவு, இறுகிப்போன பிஸ்டன் கண்டால் கராஜில் கொடுப்போம். அதில் வெட்கமில்லை.

காசு மிச்சம் பிடிப்பது தவறல்ல. ஆனால் பாடசாலை விட்டு வீதியைக் கடக்கும் பிள்ளைக்கு, நாம் வாசலில் செய்த வேலை அரைகுறையா முழுமையா என்று தெரியாது. அந்த உயிர் நம்மிடம் உள்ள அமானிதம்.