குப்பைக்குள் கிடக்கும் ஊசியும் 72 மணி நேரமும்

டிசம்பர் முதல் தேதி வந்தால் எல்லா ஊர்களையும் போலப் பொள்ளாச்சியிலும் எய்ட்ஸ் விழிப்புணர்வு ஊர்வலம் போகும். மாணவர்கள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு முழக்கமிடுவார்கள். துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். அதில் பாதி அன்றைக்கே தெருவில் கிடக்கும். மறுநாள் பொழுது விடியும் முன்பு அதைக் கூட்டி அள்ளுகிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அந்தத் தாளில் எழுதியிருக்கும் விஷயம் ஊரில் வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் தேவை. அவர்களை உட்கார வைத்து அதை யாராவது வாசித்துக் காட்டியிருப்பார்களா என்பதுதான் நம் கேள்வி.

கொங்கு வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறை தலைமுறையாக இதே வேலைதான். இன்றைக்குப் பலரும் ஒப்பந்தக் கூலிகள். வீட்டுக் குப்பையில் என்னவெல்லாம் வருகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் வீசும் ஊசி, சவர பிளேடு, சின்ன கிளினிக்குகளின் சிரிஞ்ச், ரத்தம் தோய்ந்த பஞ்சு. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், மேலே சோறும் குழம்பும் கொட்டி வரும். கையை விட்டுப் பிரிக்கிறவருக்கு உள்ளே இருப்பது குத்திய பிறகுதான் தெரியும்.

குத்தினால் என்ன செய்வது? இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக்கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக்கூடாது, பிளீச்சிங் பவுடர் போடக்கூடாது. பிறகு தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. கிருமி உடம்பில் நிலைகொள்ளாமல் தடுக்கும் மாத்திரை உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், தொடங்கியே ஆக வேண்டும். மொத்தம் 28 நாள், இடைவிடாமல் சாப்பிட வேண்டும். மூன்று நாள் கடந்துவிட்டால் அந்த மாத்திரையால் பயன் இல்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்பதுதான் மருத்துவக் கணக்கு. குப்பையில் காய்ந்து கிடந்த ஊசியில் அது இன்னும் குறைவு. உண்மையில் அதைவிடப் பெரிய ஆபத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் பி கிருமி. அது உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு ஊசி வழியாகத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மூன்று தவணை போட்டுக்கொண்டால் போதும்.

இதெல்லாம் யாருடைய கருணையும் அல்ல, சட்டம். 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 19-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மருத்துவமனைகளோடு நிற்காமல், வேலையின்போது எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து கணிசமாக உள்ள வேறு எந்த நிறுவனமானாலும், தொழிலாளிக்குப் பாதுகாப்புச் சாதனம், அதற்கான பயிற்சி, மேலே சொன்ன தடுப்பு மாத்திரை மூன்றையும் தர வேண்டும் என்கிறது அது. ஊசியோடு கலந்த குப்பையைக் கையால் பிரிக்கும் வேலை இதில் வராது என்று சொல்ல முடியுமா? 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் கையுறை, காலணி, முகக்கவசம் தரும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளின்மேல்தான் வைத்தன. அதே ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் தனியாகப் போட வேண்டும். அந்தக் கழிவைக் கையாளுகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும். கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதது அல்ல.

நடைமுறையில் என்ன நடக்கும் என்று யோசித்தால் இடறல் எங்கே இருக்கிறது என்பது புரியும். காலை ஆறு மணிக்கு ஊசி குத்துகிறது. மேஸ்திரியிடம் சொன்னால், கவனமாக வேலை செய்யத் தெரியாதா என்று திட்டு. மருத்துவமனைக்குப் போனால் அன்றைக்கு ஆப்சென்ட். ஆகவே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீதிக்குப் போய்விடுவார். மூன்று நாளும் அப்படியே போய்விடும். ஒரு நாள் கூலியை யார் தருவது என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை, இலவச மருந்து என்ற விளம்பரம் சுவரோடு நின்றுவிடும்.

தூய்மைப் பணி ஒரு பக்கம். தென்னந்தோப்பிலும் கயிறு ஆலையிலும் கூலிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு ஊசிப் பழக்கம் இருக்கிறது. காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் ‘ஒரு ஊசி போட்டால் நாளைக்கு வேலைக்குப் போகலாம்’ என்று ஓடுவது. போடுகிறவர் டாக்டரா, ஊசி புதிதா என்று பார்ப்பதில்லை. 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் ஒரு போலி மருத்துவர் ஒரே சிரிஞ்சைப் பலருக்கும் போட்டதால் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றியதாகத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு பாகிஸ்தானின் ரத்தோதேரோ ஊரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தொற்று. அங்கும் மறுபடி மறுபடிப் போட்ட ஊசிகள்தான் முக்கியக் காரணம். உறை பிரிப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஊசிக்குக் கை நீட்டக்கூடாது. திருவிழாக் கடைகளில் பச்சை குத்துவதற்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

ஆனால் நம் நாட்டில் எச்.ஐ.வி. பெரும்பாலும் பரவுவது ஆணுறை இல்லாத உடலுறவில்தான். ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவருக்குச் சுவர் எழுதிக் கேட்டார்கள். சிரித்தோம், பேசினோம். பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. கிருமி மட்டும் நிற்கவில்லை. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். சோதனைக்குக் காசு இல்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது. வேலை தருவதற்கு இந்தச் சோதனையை நிபந்தனையாக வைக்கவும் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம். தொற்று ஏற்பட்ட உடனே சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஒப்புதல் என்ற சொல்லின் அருமையைத் தெரிந்துகொள்ள 1986-க்குப் போக வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா, அரசு காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் கூறியிருக்கிறார். ஏழைகளின் ரத்தத்தைக் கேட்காமலே எடுக்கலாம் என்பது அன்றைய வழக்கம். பழியும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. அவர்களிடம் போன ஆண்கள் யார் என்று ஊர் கேட்கவில்லை.

தொற்று உறுதியானால் அன்றோடு வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணம் இருபது வருடத்துக்கு முந்தையது. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்து சிகிச்சையை அரசு இலவசமாகத் தருகிறது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. உடல்நிலை மோசமாகும் வரை காத்திருக்க வைக்கும் முறை 2017-ல் போய்விட்டது. இன்று தொற்று தெரிந்தால் இன்றே சிகிச்சை. பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள் இருக்கும். அதை விடாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே உழைக்கலாம், முழு ஆயுளும் வாழலாம்.

இன்னொரு செய்தியும் காலனி காலனியாகப் போய்ச் சேர வேண்டும். சிகிச்சையால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடத்திய ஆய்வில், சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் தெரிந்தது. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் அந்த ஆய்வில் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இதை இன்னும் உறுதியாக்கின. கர்ப்பிணிக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். சிகிச்சை இருந்தால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மறைக்கக்கூடாதவை சில உண்டு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து எடுத்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எப்போது எதைச் சாப்பிடுவது என்று அவர் சொல்வார். காசநோய் மருந்தோடு சேரும்போது மாத்திரையின் அளவே மாறும். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வரிசை வீடுகளில் அது சுலபமாகப் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.

மருந்து வாங்கப் போவதிலும் அதே கூலிப் பிரச்சினை. 2021 முதல் பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்லது. போகும் நாளுக்கான சம்பளத்தைத் தர எந்தத் திட்டமும் இல்லை. பக்கத்தில் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கோவைக்குப் போகிறவர்களுக்கு நாள் முழுக்க அதிலேயே போய்விடும். உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் வழி இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தைப் பற்றி நம் மக்களிடமே பேச வேண்டியிருக்கிறது. டீக்கடையில் தனி டம்ளர் என்றால் என்ன என்று இந்த வட்டாரத்து ஒடுக்கப்பட்டோருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடிய மண் இது. அதே வளவுக்குள் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தால் அவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வந்துவிடுகின்றன. கணவனால் தொற்றிய பெண்ணை, பிரசவத்துக்கு முந்தைய சோதனையில் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது என்பதற்காக, அவளே கொண்டுவந்ததாகப் பேசித் தாய் வீட்டுக்கு விரட்டுகிறார்கள். டம்ளரிலும் தட்டிலும் கை குலுக்குவதிலும் கொசுக்கடியிலும் எச்.ஐ.வி. பரவாது. அந்தப் பெண்ணுக்குக் குடும்ப வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையை 2017-ம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. யாரும் வெளியேற்ற முடியாது.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது நினைவிருக்கும். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த சோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்த ரத்தக் கொடையாளர், ஒரு இளைஞர், தானே போய்ச் சொன்னதால்தான் தவறு வெளியே வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிந்தும் அவருக்குத் தெரிவிக்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைக்குத் தொற்று இல்லை. உண்மையைச் சொன்ன இளைஞர் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் இறந்தார். மருந்து இலவசமாகக் கிடைத்த காலம் அது. அவருக்குக் கிடைக்காமல் போனது பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள். இப்போது 1097 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பொள்ளாச்சி நகராட்சியில் 36 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் பணியாளர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில், ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? குத்திய நாளைச் சம்பளத்துடன் பணி நாளாகக் கணக்கில் வைக்க வேண்டும் என்று ஒப்பந்ததாரருக்கு ஒரு நிபந்தனை, எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, கிழியாத கையுறை, ஊசியைக் குப்பையில் கலக்கும் கிளினிக்குக்கு அபராதம் ஆகியவற்றை நகர்மன்றக் கூட்டத்தில் ஒரே தீர்மானமாகக் கொண்டுவரலாம். சுற்றுவட்டாரப் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் அதையே பின்பற்றலாம். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே ‘ஊசி’ என்று எழுதி, நாளைக் காலை வண்டி வரும்போது குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கையில் கொடுங்கள்.