வீட்டுக்குள் ஒரு ஷூட்டிங்



பிளஸ் ஒன் படிக்கும் என் அண்ணன் மகள் இந்த வருடம் பள்ளியில் படமெடுக்கக் கற்றுக்கொள்கிறாள். சனிக்கிழமைதோறும் வகுப்பு. வீட்டில் வந்து சொன்னதும் அண்ணி கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு மார்க் உண்டா?" அடுத்த கேள்வி, "அப்போ டியூஷன்?"

எந்த வீட்டில்தான் இதைக் கேட்க மாட்டார்கள்? பொதுத்தேர்வு, கட் ஆஃப், கல்லூரிக் கட்டணம் என்று ஆயிரம் கவலை இருக்கும்போது சினிமா வகுப்பு எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். உங்களில் பலருக்கும் இதே சந்தேகம் இருக்கும். அதனால்தான் அந்தப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறாள் என்பதை இந்தப் பக்கத்தில் சொல்ல நினைத்தேன்.

முதல் பாடம் கதை எழுதுவது இல்லை. நடிப்பும் இல்லை. போனை ஓரிடத்தில் அசையாமல் வைத்து ஒரு நிமிடம் எடுக்க வேண்டும். கட் கூடாது, ஜூம் கூடாது, பின்னணிப் பாட்டு கூடாது. சினிமா பிறந்ததே இப்படித்தானே! 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஃபிலிம் சுருளின் நீளம் அவ்வளவுதான். அன்று காட்டிய பத்துப் படங்களில் ஒன்று, சகோதரர்களில் ஒருவரான அகஸ்ட்டும் அவர் மனைவியும் தங்கள் கைக்குழந்தைக்கு ஊட்டிவிடுவது. சினிமாவின் முன்னோடிகளும் கேமராவைத் தங்கள் வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். பாரிஸில் உள்ள சினிமாதெக் ஃபிரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய திட்டத்திலும் இதே ஒரு நிமிடப் பயிற்சி இருந்தது.

எங்கள் பெண் சமையலறை வாசலில் போனை வைத்தாள். காலை ஏழு மணி. வகுப்பில் போட்டுக் காட்டியபோது ஒரு பையன் கேட்டானாம், "உங்க அம்மா ஒரு இடத்துல நிக்கவே மாட்டாங்களா?" அந்த ஒரு நிமிடத்தில் அண்ணி ஃபிரேமுக்குள் வருகிறார், போகிறார், மறுபடி வருகிறார். ஒரு கையில் டிபன் பாக்ஸ் மூடி, இன்னொரு கையில் கரண்டி. அண்ணன் ஒரே ஒரு முறை வருகிறார், காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

இதில் யாருக்கும் தெரியாத ரகசியம் எதுவும் இல்லை. தினமும் நடப்பதுதான். ஆனால் தினமும் நடப்பதை உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம்? அண்ணன் மறுநாளே மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அந்த வீடியோவை அவராகவே மறுபடி போட்டுப் பார்த்தார், அது எனக்குத் தெரியும்.

அடுத்து வந்தது சத்தம். வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எங்கள் வீட்டிலேயே படம் எடுத்தார்கள். நம் வீடுகளில் எத்தனை சத்தம் என்பது மைக் வைத்தால்தான் தெரியும்போல. ஃபேனை நிறுத்த வேண்டும். மிக்ஸி ஓடக் கூடாது. குக்கர் விசில் அடங்கக் காத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் உறுமல்கூட விழுகிறது என்று அதையும் அணைத்தார்கள். மறுபடி போட மறந்துவிடாமல் இருக்க, வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டுமாம். சாவி இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது இல்லையா? ஷூட்டிங்காரர்கள் வழக்கமாகச் செய்யும் உத்தி இது. எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்கிறார்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே இட்டு நிரப்ப அது வேண்டும். வியர்வை வழிய ஐந்து பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றதைப் பார்த்து, அண்ணிக்கு டியூஷன் கவலை கொஞ்சம் குறைந்தது. பதினாறு வயதில் யார் இவ்வளவு பொறுமையாக நிற்கிறார்கள்?

அந்தப் படத்தில் பாட்டிதான் கதாநாயகி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் பூவோடு நடித்தவர், அடுத்த வாரம் பூ இல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். எடிட்டிங்கில் சேர்த்துப் பார்த்தால், ஒரே பேச்சின் நடுவில் பூ மறைந்து போகிறது! கன்டினியூட்டி என்றால் என்ன என்று பாட்டி உட்பட மொத்தக் குடும்பமும் அன்று தெரிந்துகொண்டது. முழுக் காட்சியையும் திரும்ப எடுத்தார்கள்.

இன்னொரு பாடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். யாரைப் படம்பிடித்தாலும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். தெருமுனையில் பூ விற்கும் அம்மாவை வைத்து எங்கள் பெண் ஒரு படம் எடுக்க நினைத்தாள். போய்க் கேட்டாள். "வேண்டாம் கண்ணு, ஊருல சொந்தக்காரங்க பாப்பாங்க" என்றார் அவர். இவள் தலையாட்டிவிட்டு வந்து வேறு கதை எழுதினாள். பஸ்ஸில் தூங்குகிறவரையும் ரோட்டில் வழுக்கி விழுகிறவரையும் கேட்காமல் எடுத்துப் போடும் காலத்தில், 'வேண்டாம்' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட ஒரு பிள்ளை பழகுகிறது. இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

எடிட்டிங் வகுப்பில் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநரின் சோதனையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய விஷயம். ஒரு நடிகரின் சலனமில்லாத முகம். அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப் வைத்தால், பார்க்கிறவர்களுக்கு அவர் பசியோடு இருப்பதாகத் தோன்றுகிறது. சவப்பெட்டியை வைத்தால் அதே முகம் துக்கமாகத் தெரிகிறது. முகம் மாறவில்லை, பக்கத்தில் ஒட்டிய ஷாட்தான் மாறியது.

இது நம் குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு எவ்வளவு தேவையான பாடம்! போன மாதம் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தோம். அவள் போனை வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "அத்தை, இங்க கட் இருக்கு பாருங்க. அவர் பேசறது ஒரு இடம், கூட்டம் ஓடறது வேற இடம். நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க" என்றாள். ஒருவரும் அதை ஃபார்வேர்டு செய்யவில்லை. எடுக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் எதை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. 'போனைப் பார்க்காதே' என்று நாம் கத்துவதைவிட இது பலன் தருகிறது என்பது என் எண்ணம்.

எல்லாப் பள்ளியிலும் இப்படி வகுப்பு கிடைக்குமா? கிடைக்காது. சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு மாஸ் மீடியா ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் 2022-ல் சிறார் திரைப்பட விழா தொடங்கி, பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, பேசவும் எழுதவும் வைத்தார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் என்ன இருக்கிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். விடுமுறையில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு நடத்தும் கேம்ப் என்றால், பணம் கட்டும் முன் ஒன்றை விசாரியுங்கள்: பிள்ளை தானே எடுத்து, தானே எடிட் செய்யுமா? இல்லை, நடித்துவிட்டு சர்டிஃபிகேட்டோடு வந்துவிடுமா? செலவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருக்கும் போன் போதும். கம்ப்யூட்டர் இருந்தால் டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

'சினிமாவுக்கே போய்விட்டால்?' என்று அண்ணி இன்னும் கேட்கிறார். போனால் போகட்டுமே அண்ணி, தெரிந்துகொண்டு போகட்டும். இப்போதைக்கு அவள் பார்மசி படிக்கப் போவதாகச் சொல்கிறாள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்க அவள் எங்களுக்குச் சொன்ன படம் பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988-ல் வந்தது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் அவரே. சிறிதாக ஒரு வீடு கட்டப் பாடுபடும் வேலைக்குப் போகும் பெண்ணின் கதை. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அந்த ஒரு நிமிடப் படத்தை எடுக்கச் சொல்லுங்களேன். போன் அசையக் கூடாது, கட் கூடாது, பாட்டு கூடாது, கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து பாருங்கள். வீடியோவை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பார்த்தபோது என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்