பருவத்தின் மேல் பழி எதற்கு?

"கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்" என்பது முன்னோர் வாக்கு. பார்வை மங்கினால் "வெயில் சூடு" என்பார் சிலர். "பனிக் குளிர்" என்பார் வேறு சிலர். சேர்வராயன் மலையில் வாழும் நாம் காலநிலையின் மேல் பழி போடுவதில் வல்லவர்கள். விழித்திரை விலகல் என்னும் நோயைப் பொறுத்தவரை இப்பழக்கம் ஆபத்தானது என்பதே எங்கள் கருத்து.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியுள்ள மெல்லிய படலம். வயது ஏற ஏற, கண்ணுக்குள் நிறைந்துள்ள கூழ் போன்ற பொருள் சுருங்கி அதை இழுக்கிறது. சிலருக்குப் படலம் கிழிகிறது. கிழிசல் வழியே நீர் புகுந்து அதைச் சுவரிலிருந்து பிரித்துவிடுகிறது. கிட்டப்பார்வை மிகுந்தோர், கண்புரை அறுவை செய்துகொண்டோர், கண்ணில் அடிபட்டோர் ஆகியோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

பல நாட்டுக் கணக்குகளின்படி, ஆண்டுக்குச் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். கோடையில் அதிகம் என்றனர் சில ஆய்வாளர். பருவ வேறுபாடே இல்லை என்றனர் வேறு சிலர். ஆனால் மருத்துவமனைப் பதிவேடு காட்டுவது நோயாளி வந்த நாளைத்தானே? விழித்திரை கிழிந்த நாளை அன்று! காப்பிப் பழம் பறிக்கும் மார்கழியில் ஒரு நாள் கூலியையும் இழக்க முடியாத தொழிலாளி, பறிப்பு முடிந்து மாசியில் சேலத்துக்கு இறங்கினால், நோய் மாசியில் வந்ததாகிவிடுமா? மேலும், 20,000 பேர் வாழும் இடத்தில் ஆண்டுக்கு இருவர் நோயுற்றால், அவ்விருவரை வைத்துப் பருவத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

எந்த மாதம் என்பதைவிட, எத்தனை நாளில் சிகிச்சை என்பதே முக்கியம். கண்ணில் மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரென மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை மூடுவது போன்ற நிழல் ஆகிய மூன்றும் இதன் அறிகுறிகள். வலி இராது, ஆகவேதான் அசட்டை செய்கிறோம். கிழிசலை அடைத்தால் குணமாகும் என்பதைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜூல் கோனன் 1920களில் நிலைநாட்டினார். இன்று வெறும் கிழிசலை லேசர் கதிராலேயே சரி செய்கிறார்கள். விலகிவிட்டால் அறுவை தேவை. விழித்திரையின் நடுப்பகுதி விலகுமுன் சென்றால் நல்ல பார்வை நிலைக்க வாய்ப்பு அதிகம். பிந்தினால் இழந்தது முழுவதும் திரும்புவது அரிது. மதுரையில் 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையில் 1978இல் சங்கர நேத்ராலயாவும் தோன்றிய நம் மாநிலத்தில், மருத்துவம் இருந்தும் அறியாமையால் பார்வை இழப்பது எவ்வளவு பரிதாபம்!

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். உள் கிராமத்தாருக்கோ பேருந்து நிற்கும் இடமே தூரம். எனவே, கண் முகாம்களில் மூக்குக்கண்ணாடியோடு இம்மூன்று அறிகுறிகளையும் சொல்லி அனுப்ப வேண்டும். நாமும் வீட்டிலும் தோட்டத்துக் குடியிருப்புகளிலும் அவற்றைச் சொல்வோம்.

எரிக்கோ சாலையோரம் இருந்த பர்த்திமேயு, ஆண்டவர் கடந்து போகுமுன் கூவி அழைத்தான், அதட்டியோருக்கு அடங்கவில்லை. தோழியரே, பார்வை வேண்டுவோர் காலம் தாழ்த்தலாகாது!