பொட் செய்த வேலைக்கு வாய்ப்பூட்டு எங்களுக்கா?

ஒன்லைன் கேம்களில் பொட்டுகளை எப்படித் தடுக்கிறது என்ற கதை வந்தால் எல்லாரும் தொழில்நுட்பத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். நாங்கள் கேட்க விரும்புவது வேறொன்று: அந்தத் தடுப்புக்கு விலை கொடுக்கிறது ஆர்?

'டீம் ஃபோட்ரஸ் 2'வையே எடுங்கள். 2007இல் வால்வ் கம்பனி வெளியிட்ட, டீமாகச் சேர்ந்து சுடுற கேம். 2011இலிருந்து இலவசம். 2020 அளவில் அதற்குள் பொட்டுகள் பெருகின. ஆளில்லாமல் ஸ்கிரிப்டால் ஓடுற கணக்குகள். ஸ்னைப்பராக வந்து நிற்கும்; நீங்கள் மூலையால எட்டிப் பார்க்க முதலே தலையில் வெடி விழும். வாக்குப் போட்டுக் கலைப்பம் எண்டால், டீமுக்குள் நிற்கிற நாலைஞ்சு பொட் சேர்ந்து வாக்குப் போட்டு உங்களையே கலைச்சு விடும்.

அந்த வருடம் வால்வ் என்ன செய்தது? காசு செலவழிக்காத கணக்குகள் சாட்டில் எழுதவும் மைக்கில் கதைக்கவும் ஏலாதபடி பூட்டியது. பொட்டுகள் சாட்டில் கொட்டின குப்பையைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் சுடுறதுக்குப் பொட்டுக்கு வாய் தேவையில்லை. "பின்னால ஸ்பை வாறான்" எண்டு தன்ர டீமுக்குச் சொல்ல வேண்டிய பெடியனுக்குத்தான் வாய் தேவை. பொட் தொடர்ந்து சுட்டது. பெடியன்ர வாய்தான் அடைபட்டது.

இலவசக் கணக்குத் திறக்கிறது சுகம் எண்டபடியால்தானே பொட் பெருகுது, காசு கேட்டால் நின்றுவிடும்தானே எண்டு சிலர் சொல்லுவார்கள். அதில் ஞாயம் இருக்கு. ஒரு கணக்கைத் தடை செய்தால் உடனே இன்னொன்று முளைக்கும். ஆனால் பொட் ஓட்டுறவரிடம் காசு இருக்கலாம். வங்கி அட்டையே இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளையிடம் இல்லை. அந்த வேலி முதலில் மறிக்கிறது பிள்ளையைத்தான்.

கணக்கில் காசு இருக்கா எண்டு பார்க்காமல், அது எப்படி விளையாடுது எண்டு பார்க்கலாம். குறி எவ்வளவு வேகத்தில் ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குத் தாவுது என்பது சேர்வருக்குத் தெரியும். 'கவுண்டர் ஸ்ட்ரைக்'கில் வால்வே இதைச் செய்தது. 'வாக்நெற்' என்ற முறைமை சந்தேகமான ஆட்டங்களைப் பிடித்துக் கொடுக்க, அனுபவமுள்ள விளையாட்டாளர்கள் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். மனிதர் பார்க்கிறது முக்கியம். மெசினிடம் மட்டும் விட்டால் உண்மையாகவே நல்லாச் சுடுற பிள்ளையும் மாட்டுப்படும்.

ஆகவே வழி இல்லாமல் இல்லை. 2022 மே மாதம் விளையாட்டாளர்கள் இணையத்தில் குரல் எழுப்பினார்கள். கேட்கிறது, வேலை நடக்குது எண்டு வால்வ் பதில் சொன்னது. பொட்டுகள் போகவில்லை. 2024 ஜூனில் திரும்பவும் இறங்கினார்கள். மனுவில் கையெழுத்துகள் மூன்று இலட்சத்தைத் தாண்டின. அந்த மாதக் கடைசியில்தான் பெருந்தொகையான பொட் கணக்குகள் தடை செய்யப்பட்டன. நாலு வருசம் ஏலாமல் இருந்த வேலை, நெருக்கினவுடன் ஏலுமானதாகிவிட்டது.

நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான்: பொட் பிடிக்க முதலில் ஆட்களை வேலைக்கு வையுங்கோ. எங்கட வாயைப் பூட்டுறதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.