கணையத்தில் கத்தி வைக்கக் கூடாதா?

"உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆன உடம்பு. இப்போது கணையத்தில் கட்டி என்றால் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்துப் போங்கள்." சென்னை ஆழ்வார்பேட்டையில் குடியிருப்பவனுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. டி.டி.கே. சாலை, லஸ், ராயப்பேட்டை, தேனாம்பேட்டை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை. வெளியூரிலிருந்து ஃபைலும் கையுமாக வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் டீக்கடையில் நின்றபடியே இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். சொந்தக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். சில சமயம் மருத்துவரே சொல்லியிருப்பார்.

இந்தத் தீர்ப்பில் கால்வாசி உண்மை உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மீதி முக்கால்வாசி எங்கே பிசகுகிறது என்பது விளங்கும்.

உணவுக்குழாயை வெட்டி எடுத்த பிறகு, விழுங்கியது இறங்க ஒரு வழி வேண்டும். பெரும்பாலும் இரைப்பையையே நீளக் குழாயாகத் தைத்து, மார்புக்குள்ளோ கழுத்து வரையோ மேலே இழுத்து இணைத்துவிடுவார்கள். இரைப்பைக்கு நாலா பக்கமிருந்தும் இரத்தம் வருகிறது. ஆனால் மேலே இழுக்க வேண்டுமானால் இடப்பக்கத் தமனிகளை எல்லாம் கட்டி அறுத்தாக வேண்டும். பிறகு அந்தக் குழாயை உயிரோடு வைத்திருப்பது முக்கியமாக ஒன்றே ஒன்று: இரைப்பையின் கீழ்வளைவை ஒட்டி ஓடும் வலது கேஸ்ட்ரோஎபிப்ளோயிக் தமனி. அது கேஸ்ட்ரோடியோடினல் தமனியின் கிளை. தாய்த் தமனியோ கணையத்தின் தலைப்பகுதியை உரசிக்கொண்டு இறங்குகிறது.

கணையத் தலையில் வரும் புற்றுக்குச் செய்வது விப்பிள் அறுவை. அமெரிக்கரான ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பித்தப்பை எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அதில் வழக்கமான ஒரு படி, கேஸ்ட்ரோடியோடினல் தமனியைக் கட்டி வெட்டுவது. மற்றவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. இரைப்பைக்கு வேறு வழியாக இரத்தம் வந்துவிடும். உணவுக்குழாய் அறுவை ஆனவருக்கு அதை வெட்டினால் மார்புக்குள் இருக்கும் இரைப்பைக் குழாய் அழுகத் தொடங்கலாம். உயிர் போகலாம். "முடியாது" என்ற பேச்சு பிறந்த இடம் இதுதான்.

ஆனால் 'இந்தத் தமனியை வெட்டக் கூடாது' என்பது ஒன்று, 'அறுவையே கூடாது' என்பது வேறொன்று. முதலாவது எச்சரிக்கை. அதைத் தடையுத்தரவாக்கியது சோம்பல் என்றுதான் சொல்வேன்.

தமனியை வெட்டாமலே விப்பிள் செய்யலாம். கணையத் தலையிலிருந்து கேஸ்ட்ரோடியோடினல் தமனியை மேலிருந்து கீழாகப் பிரித்தெடுத்து, கணையத்துக்குள் போகும் சிறு கிளைகளை மட்டும் கட்டி, வலது கேஸ்ட்ரோஎபிப்ளோயிக் தமனியோடு சேர்த்து அப்படியே விட்டுவைக்கிறார்கள். கூடவே ஓடும் சிரையையும் காக்க வேண்டும்; இரத்தம் வந்தால் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும். கட்டி தமனியையே பிடித்துவிட்டதென்றால்? வெட்டிவிட்டு, அறுந்த முனையை அருகிலுள்ள வேறொரு தமனியோடு, உதாரணமாகப் பெருங்குடலுக்குப் போகும் ஒன்றோடு, உருப்பெருக்கியின் துணையுடன் தைத்து இணைப்பதும் உண்டு. வெட்டுமுன் தமனியைச் சற்று நேரம் கவ்விப் பிடித்து, குழாயின் நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம். இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தை ஊசியில் ஏற்றி, இரத்தம் எதுவரை எட்டுகிறது என்று கேமராவில் காணலாம். ஜப்பானிய அறுவை நிபுணர்கள் இதையெல்லாம் நோயாளி நோயாளியாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒருவர், இருவர் பற்றிய குறிப்புகள்தான். நூற்றுக்கணக்கானோர் மீது நடந்த ஆய்வு அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. இவ்விரு புற்றும் அடுத்தடுத்து ஒருவருக்கே வருவது அபூர்வம் என்பதுதான் காரணம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது: தமனியை விட்டுவைத்தால் அதைச் சுற்றிய நிணநீர்க் கணுக்களில் புற்றையும் விட்டுவைத்ததாகாதா? ஆகலாம். அதனால்தான் தமனியைச் சுற்றிய திசுவை உரித்தெடுத்துவிட்டுத் தமனியை மட்டும் நிறுத்துகிறார்கள். கணையத்தை இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், உரித்துவிட்ட தமனி அரித்து இரத்தம் கொட்டும் அபாயமும் உண்டு. இந்த ஆபத்துகளைச் சொல்லி "வேண்டாம்" என்று ஒரு மருத்துவர் முடிவெடுத்தால் அதில் தவறில்லை. ஸ்கேனைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "முடியாது" என்பதில்தான் தவறு.

இதில் இன்னொரு வேடிக்கை. "முடியாது" என்பவர்களில் பலர், கட்டி கணையத்தில் எந்தப் பகுதியில் என்று கேட்பதே இல்லை. வால்பகுதியில் இருந்தால் வெட்டப்படுவது மண்ணீரல் பக்கத் தமனி. இரைப்பைக் குழாய் அதை நம்பி இல்லை. அந்தப் பக்கத் தொடர்புகள் முதல் அறுவையிலேயே போய்விட்டன. பழைய தழும்புகளும் ஒட்டல்களும் சிரமம் தரலாம், அவ்வளவே.

அடுத்த வாதம்: "இது பழைய புற்றுதான் பரவியிருக்கிறது, இனி வெட்டி என்ன பயன்?" உணவுக்குழாய்ப் புற்று பரவினால் கல்லீரல், நுரையீரல், எலும்பு, நிணநீர்க் கணுக்கள் என்றுதான் பெரும்பாலும் போகும், கணையத்துக்குப் போவது அரிது. நம் ஊரில் உணவுக்குழாயில் அதிகம் காண்பது செதிள் செல் புற்று. கணையத்தில் வருவது பெரும்பாலும் சுரப்பி வகை. எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்ட் செய்து ஊசியால் துளி திசு எடுத்தால் நோய்க்கூறு நிபுணர் பிரித்துச் சொல்லிவிடலாம். புகையிலை இரண்டுக்குமே காரணம் என்பதால், ஒருவருக்கே இரண்டும் தனித்தனியாக வருவது அபூர்வமானாலும் நடக்கக்கூடியதே.

"இரண்டாவது புற்று வந்தால் எத்தனை நாள்?" என்பாரும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1999-இல் பெருங்குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர். 2009-இல் வழக்கமான ஸ்கேனில் கணையத்தில் கட்டி தெரிய, மீண்டும் அறுவை. 2020 வரை வாழ்ந்தார். அவருடைய முதல் புற்று உணவுக்குழாயில் வந்ததல்ல, எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதும் இல்லை. கணையப் புற்று கண்டுபிடிக்கப்படும்போது நூற்றில் 15 முதல் 20 பேருக்குத்தான் அறுவைக்கு வாய்ப்பே இருக்கிறது. அந்தச் சிலரில் ஒருவராக இருந்தும் பழைய தழும்பைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் அது அநியாயம். அறுவைக்குப் பிறகு மாற்றியமைத்த ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோ தரப்பட்டவர்களில் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் நூற்றில் 43 பேர் என்று பிரான்சிலும் கனடாவிலும் நடந்த பிராடிஜ் 24 ஆய்வு காட்டியது. உணவுக்குழாய் அறுவை ஆனவர்கள் ஏற்கெனவே மெலிந்தவர்கள். அந்தக் கீமோவை அப்படியே தாங்குவார்களா என்பது தனியாகப் பார்க்க வேண்டியது.

"இதெல்லாம் ஜப்பானில் நடக்கும், இங்கே யார் செய்வார்?" என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் வளர்த்த துறை இரைப்பை குடல் அறுவைச் சிகிச்சை. கோவை ஜெம் மருத்துவமனையில் பழனிவேலு குழுவினர் 64 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, திறந்த விப்பிளையும் லேப்ராஸ்கோபி விப்பிளையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு, உலகிலேயே அவ்வகையில் முதலாவது. உணவுக்குழாய் அறுவையிலும் அதே குழுவுக்குப் பெயர் உண்டு. ராஜீவ் காந்தி, ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளில் இதற்கான துறைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பணம் போதுமா என்பது வேறு வழக்கு.

கட்டி பெருந்தமனிகளைச் சுற்றி வளைத்திருந்தாலோ, கல்லீரலில் பரவியிருந்தாலோ, நோயாளி படுக்கையை விட்டு எழ முடியாத நிலையிலிருந்தாலோ அறுவை வேண்டாம் என்பதே சரியான முடிவு. அந்த முடிவு உணவுக்குழாய் அறுவை ஆகாதவருக்கும் பொருந்தும்.

உணவுக்குழாய் அறுவை ஆனவர் வீட்டில் இருந்தால் சில காரியங்கள் செய்யுங்கள். பசி குறைவதையும் இளைப்பதையும் "ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளாதீர்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீரின் நிறம் அடர்ந்தாலோ, புதிதாகச் சர்க்கரை வந்தாலோ ஸ்கேன் எடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் பத்திரமாக வையுங்கள். எந்தத் தமனி மிச்சம் இருக்கிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். "முடியாது" என்று யாராவது சொன்னால், "கேஸ்ட்ரோடியோடினல் தமனியைக் காப்பாற்ற முடியாதா, டாக்டர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் ஃபைலை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.