கவாத்து மைதானமும் மனமும்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடிப் பழகிய என் பழைய மாணாக்கர் இருவர், ஒரே வருஷத்தில் போலீஸ் பயிற்சிக்குச் சென்றார்கள். ஒரே மைதானம், ஒரே வெயில், ஒரே அதட்டல். விடுமுறைக்கு ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான். மற்றவனோ தூக்கமிழந்து, சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதத்துடன் வந்தான்!

காரணம் என்ன? எளிதில் கலங்கும் சுபாவமுள்ளவனுக்குச் சிறு கண்டிப்பும் பேரிடிதான். ஆனால் சுபாவத்தோடு விஷயம் தீர்ந்துவிடவில்லை. கஷ்டம் வந்தபோது மனிதன் என்ன செய்கிறான் என்பதும் முக்கியம். லாஸரஸ், போக்மன் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 1984-ல் வெளியிட்ட நூலில் இதற்கு இரு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள்: கஷ்டத்தின் காரணத்தையே நீக்க முயல்வது ஒன்று, அதனால் எழும் மனக்கலக்கத்தைத் தணித்துக்கொள்வது மற்றொன்று.

சிரித்து வந்தவன் கவாத்தில் தன் பிழையைத் தோழனிடம் கேட்டுத் திருத்திக்கொண்டான்; மாற்ற முடியாத வெயிலைப் பரிகாசம் செய்து சகித்தான். மற்றவன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. "போலீஸ்காரன் கலங்கலாமா?" என்று தகப்பனார் சொல்லி அனுப்பியிருந்தாராம்!

சுபாவத்தை மாற்றுவது அரிது. சமாளிக்கும் வழியைக் கற்பிக்கலாம். தமிழ்நாட்டில் 2018-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தின் துணையுடன் போலீஸாருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டதன் நோக்கமும் இதுவே.

அன்று மாலை அந்தப் பிள்ளை ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேசினான். கடிதத்தைக் கொடுக்காமலே பயிற்சிக்குத் திரும்பினான். நான் செய்ததெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததுதான். பெற்றோர்களே, அதை நீங்களும் செய்யலாமல்லவா?